வன்னியில் மின்வாகன சார்ஜ் நிலையம்: அரச காசா, தனியார் காசா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வவுனியா, மன்னார், முல்லைத்தீவு, கிளிநொச்சி மாவட்டங்களில் சார்ஜ் நிலையம் போட யோசிக்கிற கடைக்காரர், கூட்டுறவுச் சங்கத்தார், பிரதேச சபை உறுப்பினர்கள் கேட்கிற கேள்விகள் இவை. மின்கட்டணம் அடிக்கடி திருத்தப்படும். அதனால் கீழே வருகிற ரூபாக் கணக்குகள் எல்லாம் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்ட எண்கள். உங்கள் கணக்கை அன்றைய கட்டணத்தில் போடுங்கள்.

சுற்றிவளைக்காமல் சொல்லுங்கள், ஆர் காசு போட வேண்டும்?

கம்பிக்கும் ட்ரான்ஸ்போமருக்கும் அரசு. சார்ஜர் இயந்திரத்துக்கு அதை நடத்துகிறவர். பக்க வீதிகளில் நடத்துகிறவருக்கு முதல் ஐந்து வருடம் அரசு கொஞ்சம் கைகொடுக்க வேண்டும்.

காரணம் இதுதான். புதிய இணைப்புக்கு 33 கேவி உயர் அழுத்த லைன் இழுத்து ட்ரான்ஸ்போமர் வைக்கிற செலவை இன்று விண்ணப்பதாரரே கட்டுகிறார். கட்டிய பிறகு அது அவருடைய சொத்து ஆவதில்லை, மின் விநியோக நிறுவனத்தின் சொத்தாகிவிடும். எந்த வங்கியும் அதைப் பிணையாக எடுக்காது. ஆனால் எதிர்பார்த்த அளவு மின்கார் வராவிட்டாலும் அந்த ட்ரான்ஸ்போமர் வீணாகாது: பக்கத்தில் அரிசி ஆலை வரும், முல்லைத்தீவுக் கரையில் ஐஸ் தொழிற்சாலை வரும், அவர்களுக்கும் அதே கம்பிதான். ஊருக்குப் பொதுவாகப் பயன்படக்கூடியதைப் பொதுக் காசில் செய்வது நியாயம். இயந்திரம் அப்படியில்லை. பத்து வருடத்தில் பழசாகிவிடும், அதைப் பார்த்துப் பராமரிக்கிறவரின் காசு அதில் இருந்தால்தான் கவனிப்பார்.

ஏ9 வீதியில் இரவு பகலாக வாகனம் ஓடுது. தனியார் தாங்களாகவே வரமாட்டார்களா?

ஓடுகிற வாகனத்தை எண்ணாதீர்கள், உங்கள் இடத்தில் நின்று சார்ஜ் போடக்கூடிய மின்காரை எண்ணுங்கள். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனிப்பட்ட கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடையில் ஐந்து வருடம் போய்விட்டது. இப்போது எண்ணிக்கை ஏறுகிறது, ஆனால் அதில் பெரும்பகுதி கொழும்பில்.

கணக்கைப் பார்ப்போம். கிளிநொச்சியில் 60 கிலோவாற் டிசி சார்ஜர், அதாவது வேகச் சார்ஜர், ஒன்று. ஒரு நாளைக்கு நான்கு கார், ஆளுக்கு 25 யூனிற். அது வவுனியாவிலிருந்து யாழ்ப்பாணம் வரையான ஏறத்தாழ 140 கிலோமீற்றருக்கு ஒரு நடுத்தரக் காருக்குப் போதும். ஆக நாளைக்கு 100 யூனிற். யூனிற்றுக்கு 30 ரூபா மிஞ்சுகிறது என்று வைப்போம். நாளைக்கு 3,000, மாதம் 90,000 ரூபா. நல்லதுதானே என்று தோன்றும்.

இடிக்கிற இடம் கேவிஏ கட்டணம். கேவிஏ என்பது ஒரே நேரத்தில் நீங்கள் லைனிலிருந்து இழுக்கிற சுமையின் அளவு. 42 கேவிஏக்கு மேல் போனால் நீங்கள் சில்லறைப் பிரிவில் இல்லை, மொத்த நுகர்வோர் பிரிவு. யூனிற் காசு தவிர, அந்த மாதத்தில் நீங்கள் தொட்ட உச்சக் கேவிஏக்கும் தனியாகக் கட்ட வேண்டும். 60 கிலோவாற் இயந்திரம் முழு வேகத்தில் ஓடினால் ஏறத்தாழ 64 கேவிஏ இழுக்கும். மாதம் முழுக்க ஒரே ஒரு கார் ஒரே ஒரு தடவை 15 நிமிடம் அப்படி இழுத்தாலும் மீற்றரில் 64 பதிந்துவிடும். கேவிஏ ஒன்றுக்கு 1,500 ரூபா என்று எடுத்தால் 96,000. மிஞ்சிய 90,000 போய், மேலே 6,000 கைக்காசு. இயந்திரத்தின் விலை, வாடகை, காவலுக்கு ஆள், திருத்தம் எதுவும் இன்னும் கணக்கில் வரவில்லை. நாளைக்குப் பத்துக் கார் வந்தால் அதே கணக்கில் மாதம் 129,000 மிஞ்சும். தனியார் காத்திருப்பது அந்தப் பத்தாவது காருக்கு. ஆனால் வழியில் சார்ஜ் இல்லை என்ற பயத்தில் அந்தக் கார்க்காரர் யாழ்ப்பாணம் வருவதில்லை. பொதுக் காசுக்கு வேலை இருப்பது இந்த இடைவெளியில்தான்.

அப்படியென்றால் சின்ன இயந்திரமே போட்டால் என்ன?

பலருக்கு அதுதான் சரியான விடை. 30 கிலோவாற் டிசி சார்ஜர் ஒன்று ஏறத்தாழ 32 கேவிஏ எடுக்கும், 400 வோல்ற்றில் பேஸ் ஒன்றுக்கு 46 அம்பியர். 60 அம்பியர் த்ரீபேஸ் சில்லறை இணைப்பு, அதாவது 42 கேவிஏக்கு உட்பட்டது, அதைத் தாங்கும். அந்தப் பிரிவில் உச்சக் கேவிஏ கட்டணம் இல்லை. 25 யூனிற் ஏற 50 நிமிடம். பற்றரி 80 வீதம் தாண்டியதும் வேகம் குறையும், ஆகவே ஒரு மணித்தியாலம் என்று சொல்லி வையுங்கள். சாப்பாட்டுக் கடை, கழிவறை பக்கத்தில் இருந்தால் ஆட்கள் அந்த நேரத்தைப் பொறுத்துக்கொள்வார்கள். முறிகண்டிப் பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்குகிற பத்து நிமிடத்துக்குள் 30 கிலோவாற்றில் ஐந்து யூனிற்தான் ஏறும். அங்கே வைப்பதென்றால் அதைத் தெரிந்துகொண்டு வையுங்கள்.

ஒரு எச்சரிக்கை. இந்த இயந்திரங்கள் வோல்ற்றேஜ் குறைந்தால் இழுவையைக் குறைக்காது, அதே சக்தியை எடுக்கக் கரண்டைக் கூட்டும். 400 வோல்ற்றில் 46 அம்பியர் எடுத்தது 350 வோல்ற்றில் 53 அம்பியர் எடுக்கும். நண்பகல் வெயிலில் கொதிக்கிற தகரப் பெட்டிக்குள் இருக்கும் 60 அம்பியர் பிரேக்கர் அந்த நிலையில் விழுந்துவிடும். பிறகு எல்லோரும் சார்ஜரைத் திட்டுவார்கள். சட்டப்படி வோல்ற்றேஜ் 230க்கு (பேஸ்களுக்கு இடையில் அளந்தால் 400க்கு) மேலோ கீழோ 6 வீதத்துக்குள், அதாவது பேஸ் ஒன்றுக்கு 216 முதல் 244 வரை நிற்க வேண்டும். ட்ரான்ஸ்போமரிலிருந்து தூரமான லைன் முனைகளில், பக்கத்து ஆலை மோட்டர் ஓடுகிற நேரத்தில், அது நிற்கிறதா என்று ஒரு கிழமை பதிவு மீற்றர் பூட்டிப் பாருங்கள். காணி வாங்குவதற்கு முதல் செய்ய வேண்டிய வேலை இது.

அரசே போட்டு அரசே நடத்தினால் என்ன பிழை?

கட்டுவதில் பிழையில்லை. மன்னாரில் தம்பபவனி காற்றாலை ஆசிய அபிவிருத்தி வங்கிக் கடனில் மின்சார சபை கட்டியது, 30 காற்றாடிகள், 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. மலிவுக் கடன், காணி, மின் இணைப்பு மூன்றும் அரசின் கையில் இருந்தால் பெரிய வேலையும் நடக்கும். மறுபக்கம், மன்னாரிலும் பூநகரியிலும் 484 மெகாவாற்றுக்குத் திட்டமிட்டிருந்த அதானி நிறுவனம் 2025 பெப்ரவரியில் விலகிக்கொண்டது. தனியார் காசு வந்த வேகத்தில் திரும்பியும் போகும்.

ஆனால் காற்றாலை ஒரே இடத்தில் இருக்கிறது, அங்கேயே ஆட்களும் இருக்கிறார்கள். சார்ஜர்கள் ஊரெல்லாம் சிதறிக் கிடப்பவை. கேபிள் தலை உடைந்தால் மாற்று அன்றே வேண்டும். அரச நிறுவனத்தில் இயந்திரம் வாங்க மூலதன ஒதுக்கீடு கிடைக்கும், மூன்றாம் வருடம் கேபிள் வாங்க ஒதுக்கீடு கேட்டால் மூன்று விலைமனு, கொள்முதல் குழு, அடுத்த காலாண்டு என்று போகும். அதுவரை திரையில் பிழைக்குறி எரிந்துகொண்டிருக்கும். முழுக்க அரசு நடத்துவதென்றால் இயந்திரத்தோடு ஐந்து வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்தையும் அதே கேள்விப்பத்திரத்தில் வாங்குங்கள். இல்லாவிட்டால் திறப்பு விழாவோடு நின்றுவிடும்.

வெளிநாடுகளில் எப்படிச் செய்தார்கள்?

நோர்வேயில் எனோவா என்ற அரச நிறுவனம் 2015 முதல், பிரதான வீதிகளில் 50 கிலோமீற்றருக்கு ஒரு இடத்தில் வேகச் சார்ஜர் வைக்கத் தனியாருக்கு மானியம் கொடுத்தது. கார் பெருகிய நகரங்களில் பிறகு மானியமே தேவைப்படவில்லை. அமெரிக்காவில் 2021 உட்கட்டமைப்புச் சட்டத்தின் கீழ் 500 கோடி டொலர் ஒதுக்கி, செலவில் 80 வீதம் வரை மத்திய அரசு தருவதாகச் சொன்னார்கள். 97 வீத இயங்குநேரம் கட்டாயம். விதி நல்லது, ஆனால் காசு மாநிலங்கள் ஊடாக மெதுவாக நகர்ந்தது, 2025இல் ஆட்சி மாறியதும் சில மாதம் நிறுத்தியும் வைக்கப்பட்டது. இந்தியா 2023இல் 7,432 சார்ஜ் நிலையங்களுக்கு 800 கோடி இந்திய ரூபாவை மூன்று அரச எண்ணெய் நிறுவனங்களுக்கு ஒதுக்கியது. வீதியோரக் காணி ஏற்கெனவே அவர்களிடம் இருந்தது. அந்த இந்திய வழியில் எங்களுக்கு ஒரு துப்பு இருக்கிறது. கூட்டுறவுச் சங்கக் கேள்வியில் பாருங்கள்.

மானியம் கொடுப்பதென்றால் எப்படிக் கொடுப்பது?

பூட்டி முடித்த அன்று முழுக் காசையும் கொடுத்தால் அதோடு அக்கறையும் முடிந்துவிடும். 40 வீதத்தை இயங்கத் தொடங்கியதும் கொடுங்கள். மிச்சத்தை ஐந்து வருடத்துக்கு, காலாண்டு காலாண்டாக, இயந்திரம் வேலை செய்த நேரத்தைப் பார்த்துக் கொடுங்கள்.

வேலை செய்த நேரம் என்றால் என்ன என்பதில்தான் ஏமாற்று நடக்கும். இயந்திரம் இணையத்தில் தெரிகிறது என்பதற்காக அது சார்ஜ் ஏற்றுகிறது என்று அர்த்தமில்லை. கேபிள் தலையின் கொளுக்கி உடைந்திருக்கும், காசு கட்டும் பகுதி செத்திருக்கும், திரை மட்டும் பச்சையாக இருக்கும். ஒப்பந்தத்தில் இரண்டு எண்ணைக் கேளுங்கள்: இயங்குநேரம் 97 வீதம், அதோடு தொடங்கிய சார்ஜ்களில் வெற்றியாக முடிந்தவை எத்தனை வீதம். 97 வீதம் என்றாலும் வருடத்தில் 263 மணித்தியாலம் பழுதாகக் கிடக்கலாம், ஏறத்தாழ பதினொரு நாள். அதைப் பொங்கலுக்கும் மடுத் திருவிழாவுக்கும் வைக்காமல் இருந்தால் சரி. மின்வெட்டு நேரத்தை நடத்துகிறவரின் தலையில் போடாதீர்கள், அது அவர் கையில் இல்லை. தரவு இயந்திரத்திலிருந்து நேராகப் பிரதேச சபைக்கோ மாகாண சபைக்கோ வர வேண்டும், நிறுவனம் தட்டச்சுச் செய்து அனுப்புகிற அறிக்கையாக வரக்கூடாது.

உதிரிப்பாகம் எங்கே இருக்கும் என்பதையும் எழுதுங்கள். ஒரு பவர் மொடியூல், தலையோடு ஒரு கேபிள், ஒரு கொன்ராக்டர் (கரண்டை இணைத்துத் துண்டிக்கிற சுவிச்), இடிதாங்கிக் கட்டைகள் ஒரு செற், ஒரு கார்ட் ரீடர். இவ்வளவும் வவுனியாவிலோ கிளிநொச்சியிலோ அலுமாரியில் இருந்தால் பெரும்பாலான பழுதுகள் இரண்டு நாளுக்குள் தீரும். கொழும்பில் இருந்தால் ஒரு கிழமை, சீனாவில் இருந்தால் சொல்லத் தேவையில்லை.

ஏ9 ஓரம் சரி. முல்லைத்தீவு, துணுக்காய், நெடுங்கேணிக்கு ஆர் வருவார்கள்?

தனியாக ஏலம் விட்டால் ஒருவரும் வரமாட்டார்கள். சேர்த்து விடுங்கள். கிளிநொச்சி நகரம் வேண்டுமென்றால் முல்லைத்தீவையும் எடு, வவுனியா வேண்டுமென்றால் நெடுங்கேணியையும் எடு. பக்க வீதிக்கு 60 கிலோவாற் தேவையில்லை, 30 ஒன்றும் 22 கிலோவாற் ஏசி ஒன்றும் போதும். ஆனால் இரண்டும் ஒரே நேரத்தில் முழுதாக ஓடினால் 42 கேவிஏயைத் தாண்டும், சுமை பகிர்கிற கட்டுப்பாட்டோடு வாங்குங்கள். மாங்குளம் சந்தியில் ஒன்று இருந்தால் முல்லைத்தீவுக்குப் போய்வருகிற ஏறத்தாழ 100 கிலோமீற்றருக்கு அங்கேயே நிரப்பிக்கொள்ளலாம். ஆகவே காசு மட்டாக இருந்தால் முதலில் மாங்குளம், பிறகு முல்லைத்தீவு.

என்னுடையது பேமிற் காணி. அதில் போடலாமா?

வன்னியில் திட்டங்கள் அதிகம் விழுகிற குழி இது. காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் தந்த பேமிற் காணி குடியிருக்கவும் பயிர் செய்யவும் தந்தது. பிரதேச செயலாளரின் அனுமதியில்லாமல் அதை ஒரு நிறுவனத்துக்கு வாடகைக்கு விட்டால் ஒப்பந்தம் நிற்காது, பேமிற்றே ரத்தாகும் ஆபத்தும் உண்டு. வங்கியும் கடன் தராது. உறுதிக் காணி, அல்லது சபை, சங்கம் போன்றவற்றின் காணி பாருங்கள். ஏ9இன் இரண்டு பக்கமும் பல இடங்களில் காடுபோலத் தெரியாத நிலமும் வனவளத் திணைக்கள எல்லைக்குள் இருக்கும். வரைபடத்தைப் பிரதேச செயலகத்தில் ஒப்பிட்டுவிட்டு மேலே போங்கள்.

பளை, முகமாலைப் பக்கம் என்றால் கேபிளுக்குக் குழி வெட்டுவதற்கு முதல் அந்தத் துண்டு மிதிவெடி அகற்றி விடுவிக்கப்பட்டதா என்று கிளிநொச்சியிலுள்ள பிராந்திய மிதிவெடிச் செயற்பாட்டு அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கள்.

வேலையை எந்த ஒழுங்கில் செய்ய வேண்டும்?

முதலில் காணிப் பத்திரம். இரண்டாவது, மின்சார அலுவலகத்தில் எத்தனை கேவிஏ என்று எழுதிக் கொடுத்து மதிப்பீடு எடுப்பது. மூன்றாவது, பிரதேச சபையில் கட்டட அனுமதி, ஏ வகை வீதி என்றால் வாகனம் உள்ளே திரும்ப வீதி அபிவிருத்தி அதிகாரசபையின் சம்மதம். நான்காவது, மின்சாரம் விற்பதற்கான அனுமதி நிலையைப் பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுவில் உறுதிசெய்வது. இயந்திரத்துக்கு முற்பணம் கட்டுவது இதற்கெல்லாம் பிறகு. பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: இயந்திரம் வந்து களஞ்சியத்தில் கிடக்கும், லைன் வர ஒரு வருடம் ஆகும், உத்தரவாதக் காலம் பெட்டிக்குள்ளேயே கரைந்துபோகும். 2024ஆம் ஆண்டின் 36ஆம் இலக்க மின்சாரச் சட்டத்தோடு மின்சார சபை பிரிக்கப்படுவதால், எந்த நிறுவனத்தின் பெயரில் ஒப்பந்தம் என்பதையும் கையெழுத்து வைக்கும்போது பாருங்கள்.

இந்தக் காலநிலையில் என்னென்ன பழுதாகும்?

தூசி முதலாவது. கிறவல் வீதியோரத்தில் காற்று வடிகட்டி ஒரு மாதத்தில் செங்கட்டிபோல அடைத்துவிடும். காற்றுப் போகாவிட்டால் உள்ளே சூடேறும், இயந்திரம் தானாக வேகத்தைக் குறைக்கும், 60 கிலோவாற் 25 ஆகிவிடும். மாதம் ஒருமுறை கழற்றித் தட்டுங்கள், மே முதல் ஓகஸ்ற் வரை சோளகக் காற்றுக் காலத்தில் இரண்டு கிழமைக்கு ஒருமுறை. மேலே நிழல் கூரை கட்டாயம். பல்லியும் எறும்பும் கேபிள் நுழைகிற துளையால் போய் உள்ளேயிருக்கும் மின்சுற்றுப் பலகைகளைச் சுட்டுவிடும். துளையைக் கிளாண்ட் போட்டு இறுக்குங்கள்.

இடி, சித்திரையிலும் ஐப்பசியிலும். மெயின் பெட்டியில் முதலாம் இரண்டாம் வகை சேர்ந்த இடிதாங்கி, மோடத்தின் வயருக்குத் தனியாக ஒன்று. எர்த் தடை 10 ஓமுக்குக் கீழே, முடிந்தால் 5. அதை மாரிகாலத்தில் அளந்தால் நல்ல எண் வரும், ஆவணியில் மண் காய்ந்ததும் இரட்டிப்பாகும். அளப்பதென்றால் ஆவணியில் அளவுங்கள். மன்னார் மணலில் ஒரு கோல் போதாது, பல கோல்களைச் செப்புப் பட்டியால் இணைக்க வேண்டும்; அங்கே உப்புக்காற்றில் சாதாரண இரும்பு நட்டு ஒரு வருடம் தாங்காது, துருப்பிடிக்காத உருக்கு வாங்குங்கள்.

வெள்ளம்: 2018 டிசம்பரில் இரணைமடுக் கதவுகள் திறந்தபோது நீர் எங்கே நின்றது என்று ஊரில் கேளுங்கள், அதற்கு மேலே ஓரடி உயர்த்திப் பீடம் கட்டுங்கள்.

கூட்டுறவுச் சங்கங்கள் இதில் இறங்கலாமா?

எங்கள் பார்வையில் வன்னிக்கு மிகப் பொருத்தமான கை அவைதான். பலநோக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் ஏற்கெனவே பெற்றோல் செற் நடத்துகின்றன: வீதியோரக் காணி, இரவில் ஆள், காசாளர், கணக்காய்வு எல்லாம் இருக்கிறது. லாபம் மெதுவாக வந்தாலும் ஓடிப்போக மாட்டார்கள். இல்லாதது தொழில்நுட்ப ஆளும் முதலீட்டுக் காசும். இணைப்பை அரசு தர, இயந்திரத்தைச் சங்கம் கடனில் வாங்க, திருத்தத்தைத் தனியார் நிறுவனத்துக்கு ஒப்பந்தமாகக் கொடுத்தால் மூன்றும் பொருந்தும்.

பார்க்க வேண்டியவை: செற் நிலம் சங்கத்தினுடையதா பெற்றோலியக் கூட்டுத்தாபனத்தினுடையதா, முகவர் ஒப்பந்தம் வேறு வியாபாரத்தை அனுமதிக்கிறதா. சார்ஜரை எண்ணெய்ப் பம்பிலிருந்தும் தாங்கியின் காற்றுக் குழாயிலிருந்தும் தள்ளி, வளவின் மறுகரையில் வையுங்கள். சார்ஜரின் வரவுசெலவுக்குத் தனிப் பேரேடு வேண்டும். பெற்றோல் லாபத்தில் நட்டத்தை மறைத்தால் எப்போது நிறுத்துவது என்றே தெரியாமல் போகும்.

கூரையில் சோலர் போட்டால் கட்டணம் குறையுமா?

யூனிற் காசு குறையும். 20 கிலோவாற் சோலர் வன்னி வெயிலில் நாளைக்கு ஏறத்தாழ 80 யூனிற் தரும். ஆனால் கேவிஏ உச்சம் குறையாது. மேகம் மறைக்கிற ஒரு 15 நிமிடத்தில் கார் நின்றால் முழுதும் லைனிலிருந்துதான் வரும். பகலில் சார்ஜ் போடுகிறவருக்கு விலையைக் குறைத்து வையுங்கள். 2025 சித்திரைப் புதுவருட விடுமுறையில் பகல் மின்சாரம் மிஞ்சி, கூரைச் சோலர்களை அணைக்கச் சொல்லிக் கேட்டார்கள். மிஞ்சுகிற அந்த நேரத்தில் கார் குடித்தால் எல்லோருக்கும் லாபம். மாலை 6.30 முதல் இரவு 10.30 வரை எதிர்மாறு, அப்போது விலையைக் கூட்டுங்கள்.

எந்தக் கேபிள் தலை வாங்குவது?

சிசிஎஸ்2 ஒன்று, சாடேமோ ஒன்று. இரண்டும் வேகச் சார்ஜருக்கான தலை வகைகள், ஒன்றுக்குரிய காரில் மற்றது பூட்டாது. புதிதாக வருகிற சீன, ஐரோப்பியக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு முதலாவது. ஜப்பானிலிருந்து வந்த நிசான் லீஃப்களுக்கு இரண்டாவது. 24 யூனிற் கொள்கிற பழைய லீஃபின் பற்றரி தேய்ந்திருக்கும், வழியில் அதிகம் நிற்கப்போவது அவர்கள்தான். சாடேமோ பழசு என்று விட்டுவிட்டால் முதல் வாடிக்கையாளரை இழப்பீர்கள்.

ஓட்டோவுக்கும் ஸ்கூட்டருக்கும் என்ன வழி?

பொதுக் காசில் மிக மலிவாகச் செய்யக்கூடியது இது, ஆனால் யாரும் நாடா வெட்ட வரமாட்டார்கள் என்பதால் கிடப்பில் கிடக்கிறது. பஸ் நிலையத்திலோ சந்தையிலோ பத்து 13 அம்பியர் சொக்கற், ஒவ்வொன்றுக்கும் தனி ட்ரிப் சுவிச்சும் சின்ன மீற்றரும், மேலே கூரை. மின் ஓட்டோ ஒன்றுக்கு ஐந்து முதல் ஒன்பது யூனிற் வரை போதும். சொக்கற்றில் தொடர்ந்து 13 அம்பியர் இழுத்தால் மணிக்கணக்கில் சூடேறி உருகும். சுற்றை 10 அம்பியருக்கு மட்டுப்படுத்துங்கள். பத்தும் ஒன்றாக ஓடினால் 23 கிலோவாற், மூன்று பேஸுக்கும் பிரித்து 60 அம்பியர் இணைப்பில் எடுக்கலாம். 30 அம்பியர் த்ரீபேஸ் இணைப்பு போதாது.

வீட்டிலேயே சார்ஜ் போட்டால் இதெல்லாம் தேவையா?

ஊருக்குள் ஓடுகிறவருக்குத் தேவையில்லை. வீட்டு 30 அம்பியர் சிங்கிள்பேஸ் இணைப்பு மொத்தமாகவே 6.9 கிலோவாற்தான், அதனால் 32 அம்பியர் சார்ஜரை வாங்கி முழுதாக ஓடவிட முடியாது. 16 அம்பியருக்கு அமைத்தால் 3.6 கிலோவாற். இரவு 10.30 முதல் காலை 5.30 வரை ஏழு மணித்தியாலத்தில் 25 யூனிற், அதாவது 140 கிலோமீற்றர் ஓட்டம். நேரவாரிக் கட்டணத்துக்கு மாறினால் அந்த நேரம்தான் மலிவு. மாறுவதற்கு முதல் மாலைப் பாவனையையும் கூட்டிப் பாருங்கள். இரவு எட்டு மணிக்கு ஏசியும் இஸ்திரிப்பெட்டியும் ஓடுகிற வீடு என்றால், காரில் மிச்சம் பிடித்தது அதில் போய்விடும்.